பரோடா நுண்கலைப் புலம்: சேலத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் சேலத்தில் ஓவிய வகுப்பு நடத்துகிறவர்களின் போன் ஓயாது. "பையன் நல்லா வரையறான், எங்கங்க சேர்க்கலாம்?" என்று தொடங்குவார்கள். சென்னை, கும்பகோணம் என்றால் தலையாட்டுவார்கள். பரோடா என்றதும் பேச்சு நின்றுவிடும், பிறகு கேள்விகள் கொட்டும். மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தைப் பற்றி வரும் அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டணம், விண்ணப்பத் தேதி இரண்டும் ஆண்டுதோறும் மாறுவதால் அவற்றைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரோடா எங்கே இருக்கிறது? அவ்வளவு தூரம் போய்ப் படிக்க அங்கே என்ன விசேஷம்?

குஜராத்தில், அகமதாபாத்துக்குத் தெற்கே இருக்கிறது. ரயில் டிக்கெட்டில் வதோதரா என்று இருக்கும். பல்கலைக்கழகம் 1949-லும் நுண்கலைப் புலம் 1950-லும் தொடங்கின. அதற்கு முன்பே சென்னை, கல்கத்தா, பம்பாய், லாகூர் ஆகிய ஊர்களில் வெள்ளைக்காரர் காலத்து ஓவியப் பள்ளிகள் இருந்தன. அவை கைத்தொழிலை வளர்க்க எழுந்தவை. அங்கே படித்து வெளியே வந்தவர் கையில் நெடுங்காலம் டிப்ளமோதான் இருந்தது. ஓவியமும் சிற்பமும் இயற்பியல், வரலாறு போலப் பல்கலைக்கழகத்துக்குள் உட்கார வேண்டிய படிப்பு, அதற்கும் பட்டம் தர வேண்டும் என்று சுதந்திர இந்தியாவில் முதலில் துணிந்தவர்களில் பரோடாக்காரர்கள் முக்கியமானவர்கள்.

பட்டத்தை மட்டும் பார்த்தால் இன்று எங்கும் கிடைக்கிறது. பரோடாவின் சிறப்பு வேறு. வரைகிறவனும் சிலை வடிக்கிறவனும் கலை வரலாறு படிக்கிறவனும் அங்கே ஒரே வளாகத்தில், ஒரே டீக்கடையில் புழங்குகிறார்கள். வரைந்தால் மட்டும் போதாது, என்ன வரைந்தோம் ஏன் வரைந்தோம் என்று பேசவும் வேண்டும் என்ற பழக்கம் அங்கே ஊறிப்போனது. உங்கள் பிள்ளைக்கு அது பிடிக்குமா என்பதை முதலில் பாருங்கள். இதற்குப் பிறகு நான் சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றியேதான் வரும்.

யார் தொடங்கினார்கள்?

பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர் ஹன்சா மேத்தா. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் இந்தியப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரான முதல் பெண் அவர். ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தில் 'ஆண்கள் எல்லோரும்' என்று பொருள்படும்படி இருந்த வரியை 'மனிதர் எல்லோரும்' என்று மாற்ற வைத்தவரும் அவர்தான். நுண்கலைப் புலத்தின் முதல் டீன், அதாவது புலத் தலைவர், மார்க்கண்ட் பட், அமெரிக்காவில் பார்ன்ஸ் அறக்கட்டளை என்ற கலைக் கல்வி நிறுவனத்தில் படித்துத் திரும்பியவர். ஓவியத்துக்கு என்.எஸ். பேந்த்ரே வந்தார், சிற்பத்துக்கு சாந்திநிகேதனிலிருந்து சங்கோ சௌத்ரி வந்தார். 1951-ல் கே.ஜி. சுப்ரமணியன் விரிவுரையாளராகச் சேர்ந்தார். இவர்கள் ஒரே பள்ளியில் உருவானவர்கள் இல்லை. ஒருவருக்கு பாரிஸ் மீது கண், இன்னொருவருக்கு நாட்டார் பொம்மை மீது. 'எங்கள் பாணி இதுதான்' என்று பிள்ளைகள் தலையில் ஒரே முத்திரையைக் குத்தும் வழக்கம் அங்கே வேரூன்றாததற்கு அந்தக் கலவை ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அந்த ஊருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ் 1875 முதல் 1882 வரை பரோடா சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். ரவி வர்மா அந்த அரண்மனைக்குப் போய்ப் புராணப் படங்கள் தீட்ட வழி பிறந்ததும் அவரால்தான். சாயாஜிராவ் மன்னர் தஞ்சை அரச குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது தஞ்சையிலிருந்து சதிர் ஆடுகிறவர்களும் நட்டுவனாரும் சீதனம் மாதிரி கூடவே போனார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் பின்னாளில் அந்த ஊரில் பரதம் கற்றுக்கொடுத்தார்கள்.

எனக்குப் பிடித்த தொடர்பு இன்னொன்று. சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர்களில் ராபர்ட் சிசோம் ஒருவர். மெரினாவில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டியவர் அவர்தான். பரோடாவில் லட்சுமி விலாஸ் அரண்மனையைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் 1881-ல் இறந்துபோக, அதை முடித்துக் கொடுத்தவரும் சிசோம். பிஜப்பூர் கோல் கும்பஸை நினைவூட்டும் பெரிய குவிமாடத்தோடு அவர் கட்டிய பரோடா கல்லூரிதான் இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் கலைப் புலம் (நுண்கலைப் புலம் வேறு).

ஆக, நுண்கலைப் புலம் வெறும் நிலத்தில் முளைத்தது இல்லை. 1890-லேயே கலா பவன் என்ற தொழிற்கல்வி நிறுவனம் அங்கே இருந்தது. சாயம், நெசவு, ஓவியம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இந்திய சினிமாவின் தாதாசாஹிப் பால்கே அங்கே பயின்றவர். பரோடா அரச குடும்பத்தின் நினைவு மண்டபமான கீர்த்தி மந்திரின் சுவர்களில் சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸ் 1939-லிருந்து சில ஆண்டுகளாகத் தீட்டிய பெரிய சுவரோவியங்களும் அந்த ஊரில்தான் உள்ளன. போனால் முதல் வாரமே பார்த்துவிடுங்கள்.

சென்னை ஓவியக் கல்லூரி 1850-லேயே வந்துவிட்டதே. அப்புறம் பரோடா எதற்கு?

நியாயமான கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் சேலமும் வருகிறது.

அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் சென்னையில் தன் சொந்த முயற்சியில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை எடுத்துக்கொண்டது. 'இண்டஸ்ட்ரியல் ஆர்ட்ஸ்' என்ற பெயரிலேயே நோக்கம் தெரிந்தது. ஓடு, பானை, மரவேலை, உலோக வேலை, அச்சு, இவற்றுக்கு உதவும் வரைதல். 1884 முதல் 1896 வரை தலைமை வகித்த இ.பி. ஹாவெல் இந்தியக் கைவினைகள்மேல் பற்றுக் கொண்டவர், இங்கிருந்து கல்கத்தா போய் ஓவியர் அபனீந்திரநாத் தாகூரோடு சேர்ந்து வேறொரு வரலாறு படைத்தார்.

அடுத்து ஆல்ஃபிரட் சாட்டர்டன். இவர் பொறியாளர். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் 1898-ல் தொடங்கியது எங்கே தெரியுமா? இந்த ஓவியப் பள்ளியின் பட்டறையில்தான்! வீட்டில் சோற்றுப் பானை அலுமினியத்தில் இருந்தால் அதன் பூர்வீகம் எழும்பூர். பிறகு சாட்டர்டன் கைத்தறிப் பக்கம் திரும்பினார். குழித்தறியில் கையால் நாடா எறிவதற்குப் பதிலாகக் கயிற்றை இழுத்தால் நாடா ஓடும் விசைநாடாத் தறியைப் பரப்ப வேண்டும் என்று அவர் செய்த சோதனைகளின் தொடர்ச்சியாக இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அரசு நெசவுச் சாலை ஒன்று வந்தது. அது வந்த ஊர் சேலம். நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ் நேரங்காலம் வைத்து வேலை செய்ய வைப்பது எளிதாக இல்லை. வீட்டுத் தறியில் தன் இஷ்டத்துக்கு நெய்தவர் மணி அடித்தால் வருவாரா? அதோடு அரசே தொழில் நடத்தக் கூடாது என்று 1910-ல் லண்டனிலிருந்து இந்திய விவகார அமைச்சர் மார்லி பிரபுவின் உத்தரவு வந்து அந்த முயற்சி நின்றுபோனது. அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை "ஓவியக் கல்லூரிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1929-க்குப் பிறகு தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். மெரினாவில் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் 1957-ல் பொறுப்பேற்றார், 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். படம் விற்காத நாளில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாட்டிக் துணி செய்து விற்றுக் கலைஞர்கள் அங்கே காலம் தள்ளினார்கள்.

சென்னைக்குப் பின்னால் பட்டறை மரபு இருக்கிறது, கோட்டின் வலிமை இருக்கிறது. சென்னை ஓவியர்களின் கோடு தனியாகத் தெரியும். பரோடாவுக்குப் பின்னால் பல்கலைக்கழக மரபு இருக்கிறது, வாதமும் வாசிப்பும் இருக்கிறது. ஒன்று உசத்தி மற்றது தாழ்த்தி இல்லை. கை முந்தும் பிள்ளையா, கேள்வி முந்தும் பிள்ளையா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

என்னென்ன படிப்புகள் இருக்கின்றன?

ஓவியம், சிற்பம், பயன்பாட்டுக் கலை, அச்சுக்கலை, கலை வரலாறும் அழகியலும், அருங்காட்சியகவியல் என்று ஆறு துறைகள். இளநிலை பி.வி.ஏ. நான்கு ஆண்டு, முதுநிலை எம்.வி.ஏ. இரண்டு ஆண்டு. தொடக்கத்தில் எல்லோருக்கும் அடித்தளப் பயிற்சி, பிறகு துறை. அருங்காட்சியகவியல் மட்டும் முதுநிலைப் படிப்பு. எந்தப் பாடத்தில் டிகிரி முடித்தவரும் அதை யோசிக்கலாம். 1952-ல் தொடங்கிய அந்தத் துறைதான் இந்தியாவில் அந்த வகையில் முதல். சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு நடுகல்லை எப்படி நிறுத்துவது, என்ன விளக்கம் எழுதுவது, ஈரம் ஏறாமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் படித்துச் செய்ய வேண்டிய வேலை என்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

பயன்பாட்டுக் கலை என்பது விளம்பரம், எழுத்துரு, புத்தக வடிவமைப்பு, போஸ்டர் இவற்றின் படிப்பு. கம்ப்யூட்டர் வேலைக்கு நேரடிப் பாதை அதுதான் என்று பெற்றோர் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். சிற்பத்துறை கேட்பவர் அபூர்வம்.

அச்சுக்கலை என்றால் சிவகாசி பிரிண்டிங் மாதிரியா?

பெயரைக் கேட்டு எல்லோருக்கும் வருகிற சந்தேகம். இது கலைஞர் தன் கையாலேயே தட்டு செய்து, தன் கையாலேயே சில பிரதிகள் மட்டும் எடுக்கும் முறை. எட்சிங் என்ற வகையைச் சொல்கிறேன். துத்தநாகத் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மெழுகும் தாரும் குங்கிலியமும் சேர்ந்த பூச்சை மெல்லிசாக ஏற்றுவார்கள். ஊசியால் அந்தப் பூச்சின்மேல் வரைந்தால் கோடு விழுந்த இடத்தில் உலோகம் தெரியும். தகட்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இறக்கினால் கோடுகளில் மட்டும் குமிழி கிளம்பி அரிக்கும். அந்தக் குமிழிகளைக் கோழி இறகால் மெல்லத் தள்ளிவிடுவது பழைய வழக்கம், இல்லையென்றால் கோடு திட்டுத் திட்டாகிவிடும். பிறகு பூச்சைத் துடைத்து, மையை எல்லா இடத்திலும் அப்பி, துணியால் மேற்பரப்பை மட்டும் துடைத்தால் பள்ளத்தில் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை வைத்து, மேலே கம்பளி போட்டு, உருளை அச்சில் ஓட்டி எடுக்க வேண்டும். தாளை உரிக்கும் வரை என்ன வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. படமும் இடம் வலம் மாறித்தான் வரும்.

செவ்வாப்பேட்டையிலும் பனங்காட்டிலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் கூச்சம் இருக்காது. உலோகம், அமிலம், அச்சு, மெருகு எல்லாம் கண்ணால் பழகினவை. அங்கே பாடம் சொன்னவர்களில் ஜோதி பட் பெயர் முக்கியம். அச்சுப் பிரதிகளோடு குஜராத், ராஜஸ்தான் கிராமத்துச் சுவர்க் கோலங்களையும் பச்சை குத்தும் வழக்கத்தையும் பல ஆண்டுகளாகப் புகைப்படம் எடுத்துச் சேர்த்தவர். வாசல் கோலத்தைக் கலையாக எண்ணாத நமக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் உறைக்கும்.

கலை வரலாறு எதற்கு? அதில் மார்க் எடுக்க மனப்பாடம் செய்ய வேண்டுமா?

ஆண்டுகளும் பெயர்களும் வரும், தப்ப முடியாது. ஆனால் படிப்பு அது இல்லை. பார்க்கக் கற்பதுதான் படிப்பு.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான், டவுன் பஸ்ஸில் போய்விடலாம். இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் எடுப்பித்த மண்டபம். அங்கே ஒரு தூணில் ராமன் அம்பு தொடுத்து நிற்கிறான், சற்றுத் தள்ளி இன்னொரு தூணில் வாலி. ராமன் தூணருகே நின்றால் வாலி தெரிகிறான், வாலி தூணருகே நின்றால் ராமன் தெரிவதில்லை. சுற்றுலா வருகிறவர்கள் "அடேங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கல் சங்கிலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். கலை வரலாற்று மாணவன் அங்கேதான் உட்கார வேண்டும். மறைந்திருந்து எய்த கதையைத் தூண்களின் இடைவெளியிலேயே சிற்பி சொல்லிவிட்டான். பார்ப்பவன் நடந்தால்தான் கதை நடக்கும். அப்படியானால் தூண்களை எங்கே நிறுத்துவது என்பதைக் கட்டடம் போட்டவரும் சிற்பியும் சேர்ந்து முடிவு செய்திருக்க வேண்டும். இதே யோசனை வேறு எந்தக் கோயிலில் இருக்கிறது, எது முந்தியது, யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள்? இப்படிக் கேள்வி அடுக்கத் தெரிந்தால் நீங்கள் பாதி தூரம் வந்தாயிற்று.

பரோடாவில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் ரத்தன் பரிமூ பெயரைச் சொல்லாமல் விட முடியாது. ஓவியர் குலாம் முகமது ஷேக் அங்கேயே படித்தவர், அங்கேயே கலை வரலாறும் ஓவியமும் கற்பித்தவர். அவரும் இன்னொரு ஓவியரான பூபேன் கக்கரும் சேர்ந்து 1969-லிருந்து நான்கு ஆண்டு போல 'விருச்சிக்' என்ற சிற்றிதழை நடத்தினார்கள். அதன் பொருள் தேள். நம் சிற்றிதழ்க்காரர்களுக்குப் பிடிக்கும் பெயர்.

கே.ஜி. சுப்ரமணியன் தமிழரா?

கேரளத்தின் கூத்துபறம்பில் 1924-ல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார், சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனார், அதன்பின் அரசுக் கல்லூரிக் கதவுகள் மூடிக்கொண்டதால் 1944-ல் சாந்திநிகேதன் போனார். பொருளாதாரம் படித்த பையன் ஓவியனானதற்கு வெள்ளைக்கார அரசுக்கு ஒரு விதத்தில் நன்றி சொல்ல வேண்டும்.

சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 1959 முதல் 1961 வரை பரோடாவை விட்டு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தார். திரும்பி வந்து ஓவிய மாணவர்களைப் பொம்மை செய்ய வைத்தார், கயிறு முறுக்க வைத்தார், களிமண் பிசைய வைத்தார். உயர்ந்த கலை, தாழ்ந்த கைத்தொழில் என்ற பிரிவே அவருக்கு ஒப்பாது. லக்னோ ரவீந்திராலயாவின் முகப்பில் 1963-ல் அவர் செய்த சுடுமண் சுவர்ச் சிற்பத்தில் சுமார் 13,000 துண்டுகள் உள்ளன. தாகூரின் நாடகம் ஒன்றைத் தழுவிய வேலை அது. 1968 முதல் 1974 வரை டீன், 1980-ல் சாந்திநிகேதனுக்கே திரும்பினார், 2012-ல் பத்ம விபூஷண், 2016-ல் பரோடாவில் காலமானார்.

நுழைவுத் தேர்வுக்கு என்ன தயார் செய்ய வேண்டும்?

எந்த குரூப் எடுத்துப் பிளஸ் டூ முடித்திருந்தாலும் இளநிலைக்கு முயலலாம். செய்முறைத் தேர்வில் பார்த்து வரைவது, சொன்ன பொருளை வைத்துக் காட்சி அமைப்பது போன்றவை இருக்கும். கலை வரலாறு கேட்பவர்களுக்கு எழுத்தும் முக்கியம். விவரமான திட்டத்தை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

போர்ட்ஃபோலியோ பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நான் பார்க்கிற பத்து ஃபைல்களில் எட்டில் நடிகர் முகம், அப்துல் கலாம், பிள்ளையார், போனில் இருந்து பார்த்துத் தேய்த்த பென்சில் ஷேடிங். எல்லாம் நேர்த்தியாகவே இருக்கும். ஆனால் போட்டோவைப் பார்த்து வரையும்போது பெரிய முடிவுகளை எல்லாம் கேமரா எடுத்துவிட்டது. எதை விடுவது, எங்கே நிற்பது, எது பக்கம் எது தூரம் என்று. தேர்வு செய்பவர் பார்க்க விரும்புவது அந்த முடிவுகளைத்தான். பழைய பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவரின் கை இருபது முறை, வ.உ.சி. மார்க்கெட்டில் பூக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், தறியில் கால் மிதிக்கும் இடம். கோணலாக வந்தால் வரட்டும். அழித்து அழித்து வரைந்த தாளையும் சேர்த்தே வையுங்கள்.

ஏற்காடு போகிறவர்கள் லேக்கை வரைந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதை விடுங்கள். காலை நேரம் காப்பித் தோட்டப் பக்கம் போங்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பனி இறங்கும்போது முதல் மரம் கறுப்பு, இரண்டாவது சாம்பல், நான்காவது இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஒரே பென்சிலில் அந்த நான்கு மரத்தையும் பிரித்துக் காட்டப் பழகினால் டோன் என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. செடி வரைய ஆசை உள்ளவர்களுக்கு அங்கே தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தொகுப்பு இருக்கிறது. இதழும் தண்டும் எங்கே சேருகின்றன என்று பார்த்து வரைவது நல்ல ஒழுக்கம்.

அரசு ஓவியத் தேர்வில் லோயர், ஹையர் பாஸ் செய்திருக்கிறேன். அது உதவுமா?

கைக்கு உதவும். அவுட்லைன், மாடல், ஜியாமெட்ரி எல்லாம் பழகியிருப்பீர்கள். ஆனால் சமச்சீராக மடித்து வரையும் அந்தப் பூ டிசைன்களை மட்டும் ஃபைலில் நிரப்பாதீர்கள். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைதான் குறி என்றால் லோயர், ஹையர், பிறகு டிடிசி எனும் ஆசிரியர் சான்றிதழ் என்ற அந்தப் பாதை தனி. பரோடா அதற்குக் குறுக்கு வழி ஆகாது.

பாஷை தெரியாதே?

பாடம் ஆங்கிலத்தில். ஸ்டூடியோவில் இந்தியும் குஜராத்தியும் கலந்து ஓடும். கேரளம், வங்காளம், வடகிழக்கு என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருவதால் உடைந்த இந்தியை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதத் திணறினால் அதை இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள். இரண்டாம் ஆண்டில் பிள்ளைகள் தடுமாறுவது பிரஷ்ஷால் அல்ல, கட்டுரையால்.

பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமுங்களா?

அந்தப் புலம் உருவானபோது பல்கலைக்கழகத்தின் தலைமையில் இருந்ததே ஒரு பெண். மெல்லிய கோடுகளாலேயே உலகப் பெயர் பெற்ற நஸ்ரீன் முகமதி 1972-லிருந்து அங்கே கற்பித்தார். சணல் கயிற்றை முடிச்சுப் போட்டு ஆளுயரச் சிற்பங்கள் செய்த மிருணாளினி முகர்ஜி அங்கே மாணவி. பெங்களூரின் புஷ்பமாலா சிற்பம் படித்ததும் அங்கேதான். ஹாஸ்டல் இடம், பாதுகாப்பு, உணவு பற்றி நேரில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

படித்தால் வேலை கிடைக்குமா? செலவு எவ்வளவு ஆகும்?

பொறியியல் மாதிரி கேம்பஸ் இன்டர்வியூவில் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும் படிப்பு இல்லை. பயன்பாட்டுக் கலை முடித்தவர்கள் விளம்பரம், பதிப்பகம், ஆப் வடிவமைப்பு, அனிமேஷன் என்று சீக்கிரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். கலை வரலாறும் அருங்காட்சியகவியலும் படித்தவர்களுக்குக் கேலரி, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், கற்பித்தல். ஓவியமும் சிற்பமும் முடித்தவர்கள் முதல் சில ஆண்டுகள் ஏதாவது ஒரு சம்பளத்தைப் பிடித்துக்கொண்டுதான் தங்கள் கலை வேலையைச் செய்கிறார்கள். இதை மறைத்துப் பேசுவது பாவம். இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடுகிறவர்களுக்கு இன்று கம்ப்யூட்டர் தெரிந்த, அதே சமயம் நிறமும் நெசவும் புரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். அங்கே நல்ல இடம் இருக்கிறது, ஆனால் பெற்றோர் அதை வேலை என்றே கணக்கில் எடுப்பதில்லை.

செலவைப் பொறுத்தவரை, அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் தனியார் டிசைன் கல்லூரிகளோடு ஒப்பிடும் அளவில் இராது. கையைக் கடிப்பது சாமான் செலவு. கேன்வாஸ், ஆயில் வண்ணம், தாள், சிற்பத்துக்கு பிளாஸ்டர், ரெசின். மாதாமாதம் அதற்கென்று தனியாக ஒதுக்குங்கள்.

பி.காம். முடித்துவிட்டு வேலையில் இருக்கிறேன். வயது போய்விட்டதா?

பூபேன் கக்கர் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். 1962-ல், இருபதுகளின் பின்பகுதியில், பம்பாயிலிருந்து பரோடா வந்து கலை விமர்சனம் படித்தார். அப்புறமும் நெடுநாள் பகுதிநேரமாகக் கணக்கு எழுதிக்கொண்டேதான் வரைந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்பவர், முடி திருத்துபவர் என்று சாதாரணக் கடைக்காரர்களை அவர் வரைந்த படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. முதுநிலையில் நேரடியாக ஓவியம் கேட்டால் இளநிலைப் பின்னணி எதிர்பார்ப்பார்கள். கலை வரலாறு, அருங்காட்சியகவியல் பக்கம் உங்களுக்கு வழி உண்டா என்று தகுதி விதிகளைப் பாருங்கள்.

ஃபைன் ஆர்ட்ஸ் ஃபேர் என்கிறார்களே, அது என்ன?

1961-ல் தொடங்கிய வழக்கம். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பொம்மை, பானை, துணி, அச்சுப் படம் செய்து ஊர் மக்களுக்கு மலிவாக விற்பார்கள். கூடவே நாடகம், கூத்து எல்லாம். பெரிய ஓவியர் செய்த மரப் பொம்மையை ஒரு குழந்தை வாங்கிப் போய் உடைத்திருக்கும். அதுதான் அதன் அழகு.

2007-ல் ஏதோ பிரச்சினை நடந்ததாமே?

நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு மே மாதம் தேர்வுக்காக ஒரு முதுநிலை மாணவர் காட்சிக்கு வைத்த படைப்புகள் மத உணர்வைப் புண்படுத்துவதாக வெளியாட்கள் உள்ளே புகுந்து தகராறு செய்தார்கள். மாணவர் கைதானார். எதிர்ப்புத் தெரிவித்து மாணவர்கள் இந்தியக் கலை வரலாற்றிலிருந்தே படங்களை எடுத்து ஒரு கண்காட்சி வைக்க, அதை மூட மறுத்த பொறுப்பு டீன் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நாடு முழுக்கக் கலைஞர்கள் குரல் கொடுத்தார்கள். தேர்வு அறைக்குள் வைத்த வேலையைத் தேர்வாளர்தான் மதிப்பிட வேண்டும், போலீஸ் அல்ல என்பது என் நிலை. வாதத்தை வளர்க்கும் இடத்தில் அதன் விலையும் வரும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அங்கே கிடைக்கவில்லை என்றால்?

ஓராண்டைச் சும்மா விடாதீர்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. நான்காண்டு பி.எஃப்.ஏ., 2013-ல் சட்டம் இயற்றி அமைத்த இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. அதன் வேந்தர் ஆளுநர் அல்ல, முதலமைச்சர். சென்னையில் ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்போடு அச்சுக்கலை, பீங்கான், துணி வடிவமைப்பும் உண்டு. தறிக் குடும்பத்துப் பிள்ளைகள் கடைசியில் சொன்னதைக் கட்டாயம் பாருங்கள். கல்லிலும் கோயில் கட்டடத்திலும் ஆசை என்றால் 1957-ல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. புதுச்சேரியில் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்திலும் பி.வி.ஏ. இருக்கிறது.

இளநிலையை இங்கே முடித்து முதுநிலைக்குப் பரோடா போவது எனக்கு ரொம்பப் பிடித்த வழி. பதினேழு வயதில் போவதைவிட இருபத்தொன்றில் போனால் கையும் பழகியிருக்கும், கேட்கக் கேள்வியும் இருக்கும். ஆனால் இந்த ஆண்டே முயல விரும்புகிறவர்கள் இரண்டு பக்கமும் அப்ளிகேஷன் போடுங்கள், தேர்வுத் தேதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மாற்றுச் சான்றிதழையும் ஜாதிச் சான்றிதழையும் ஒரிஜினலோடு நாலு ஜெராக்ஸ் போட்டு ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள்.